கஞ்சிரா கடந்த தூரம்

2024 பிப்ரவரி 4ஆம் தேதி அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் 66ஆவது கிராமி விருது விழா நடந்தது. சிறந்த உலக இசை ஆல்பம் என்ற பிரிவில் 'சக்தி' குழுவின் 'திஸ் மொமன்ட்' ஆல்பத்துக்கு விருது அறிவித்தார்கள். கிதார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின், தபலா மேதை ஜாகிர் உசேன், பாடகர் சங்கர் மகாதேவன், வயலின் வித்வான் கணேஷ் ராஜகோபாலன், தாள வாத்தியக் கலைஞர் செல்வகணேஷ் விநாயக்ராம் ஆகிய ஐவரும் சேர்ந்து உருவாக்கிய ஆல்பம் அது. பர்னா பாய், டேவிடோ போன்ற ஆப்பிரிக்க இசை நட்சத்திரங்களும், பெரு நாட்டின் சூசானா பாக்காவும், பொகான்டே குழுவும் போட்டியில் இருந்தார்கள். அவர்களைத் தாண்டித்தான் 'சக்தி' வென்றது.

இந்தியா முழுவதும் அந்தச் செய்தியைக் கொண்டாடினோம். அந்தக் கொண்டாட்டத்தோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய ஊர் ஒன்று உண்டு. அது புதுக்கோட்டை. செல்வகணேஷ் உலக மேடைகளில் வாசிக்கும் கஞ்சிராவுக்குக் கச்சேரியில் இடம் வாங்கிக் கொடுத்தவர் புதுக்கோட்டைக்காரர். ஏறக்குறைய 130, 140 ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறு சமஸ்தானத்தின் தலைநகரில் புறப்பட்ட வாத்தியம், பசிபிக் கடற்கரை நகரம் வரை போய்ச் சேர்ந்திருக்கிறது. போகிற வழியெல்லாம் அதன் தகுதியைப் பற்றிக் கேள்வி கேட்டவர்கள் இருந்தார்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு கலைஞர் அந்தக் கேள்விக்கு வாசித்தே பதில் சொன்னார். கஞ்சிராவின் வரலாறு என்பது அந்தப் பதில்களின் வரலாறுதான்.

முதலில் வாத்தியத்தைப் பார்ப்போம். பலாமரத்தில் கடைந்தெடுத்த வட்டமான கட்டை. குறுக்களவு 7 முதல் 9 அங்குலம் வரை இருக்கும்; ஆழம் இரண்டு மூன்று அங்குலம். ஒரு பக்கம் தோல், மறுபக்கம் திறப்பு. கட்டையின் ஓரத்தில் ஒரு நீண்ட துளை. அதில் ஆணி கோத்து இரண்டு மூன்று உலோக வில்லைகளைத் தொங்க விட்டிருப்பார்கள். பழைய நாணயங்களையே வில்லையாகப் போடுவதும் உண்டு. மிருதங்கத்தைப் போல வாரும் புள்ளும் கிடையாது. சுருதி சேர்க்கக் கல்லும் கட்டையும் தேவையில்லை. தேவைப்படுவது தண்ணீர் மட்டும்.

கச்சேரிக்கு முன் கஞ்சிராக்காரரைக் கவனித்துப் பாருங்கள். பக்கத்தில் ஒரு சிறு கிண்ணத்தில் தண்ணீர் இருக்கும். விரலை நனைத்துத் தோலின் உட்புறத்தில் தடவுவார், சற்றுப் பொறுத்துத் தட்டிப் பார்ப்பார், மறுபடியும் தடவுவார். காய்ந்த தோல் தகரம் போலக் கிறீச்சிடும். ஈரம் ஏற ஏற நாதம் இறங்கி, கனத்த தொம் என்ற ஒலி பிறக்கும். அதோடு வேலை முடிந்துவிடாது. குளிரூட்டிய அரங்கில், மேடை விளக்கின் வெப்பத்தில், ஐந்து பத்து நிமிடத்தில் தோல் மறுபடி காய்ந்துவிடும். பாட்டு போய்க்கொண்டிருக்கும்போதே அவர் தண்ணீரைத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

வாசிப்பதற்கு ஒரே கை. இடது கை வாத்தியத்தைத் தாங்கிப் பிடிக்கும்; அதே கையின் விரல் நுனிகள் தோலின் ஓரத்தை அழுத்தியும் விட்டும் நாதத்தை ஏற்றி இறக்கும். மிருதங்கத்தில் வலந்தலையும் தொப்பியும் இரண்டு கைகளுக்குப் பகிர்ந்து கொடுத்த சொற்கட்டுகள் அத்தனையையும் இங்கே வலது கையின் ஐந்து விரல்களும் உள்ளங்கையுமே சொல்லியாக வேண்டும். மிருதங்கம் வாசிப்பவர் ஒரு நடையை வேகமாக வாசித்து முடித்ததும், அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டிய பொறுப்பு கஞ்சிராக்காரருக்கு. பாதிக் கருவியை வைத்துக்கொண்டு முழுக் கருவிக்கு ஈடு கொடுப்பது எவ்வளவு கடினம் என்று யோசித்துப் பாருங்கள். கஞ்சிராவின் பெருமை முழுதும் இந்த நெருக்கடியிலிருந்து வந்ததுதான்.

பஜனை மடங்களிலும் தெருப் பாட்டுகளிலும் தட்டிக்கொண்டு போகும் தோல் வளையங்கள் நம் நாட்டில் பல வகை உண்டு. கேட்போர் கை தட்டும்படி தாளம் காட்டுவது அவற்றின் வேலை. அந்தக் குடும்பத்துப் பிள்ளையான கஞ்சிராவைச் செம்மைப்படுத்தி, சங்கீதக் கச்சேரியில் மிருதங்கத்துக்குப் பக்கத்தில் உட்கார வைத்தவர் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வாழ்ந்தவர். மாமுண்டியா பிள்ளை என்றும் அவர் பெயரை எழுதுவார்கள். தொண்டைமான் மன்னர்களின் அரண்மனையில் விளக்கேற்றும் வேலை பார்த்தவர் அவர் என்றும், பாட்டு கேட்ட இடத்திலெல்லாம் தாளம் போட்டுக்கொண்டே இருந்தவர் என்றும் இசைக் குடும்பங்களில் சொல்லி வருகிறார்கள். மாரியப்ப தவில்காரரிடம் அவர் லயம் கற்றார்.

குரு தவில்காரர் என்பதைக் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டு மிருதங்க மரபில் தஞ்சாவூர் வழி, புதுக்கோட்டை வழி என்று இரண்டு பெரிய வழிகளைச் சொல்வார்கள். புதுக்கோட்டை வழியின் வேர் தவிலில் இருக்கிறது. கோயில் வீதியில் மணிக்கணக்கில் வாசிக்கும் தவில்காரர்களின் கணக்குக் கட்டு, அழுத்தமான சொற்கள், நீண்ட கோர்வைகள் எல்லாம் மான்பூண்டியா பிள்ளையின் வழியாகக் கஞ்சிராவுக்கும், பிறகு மிருதங்கத்துக்கும் இறங்கின. பெரிய வாத்தியத்தின் இலக்கணத்தை ஒரு சின்ன வாத்தியத்துக்குள் அவர் அடக்கினார். வீதியில் அரை மைல் தூரம் கேட்கும் சொல்லை உள்ளங்கை அகலத் தோலில் வாசிக்க முடியும் என்று காட்டினார்.

இப்படி ஒரு முயற்சிக்குப் புதுக்கோட்டை பொருந்திய மண். குடுமியான்மலையில் சிகாநாதர் கோயிலுக்குப் பின்னால் மேலக்கோயில் குடைவரைக்கு அருகில் பாறையில் வெட்டியிருக்கும் இசைக் கல்வெட்டு அந்த மண்ணில்தான் இருக்கிறது. 7ஆம் நூற்றாண்டு எழுத்தமைதி கொண்டது அது. ஏழு பண்களுக்குரிய ஸ்வர வரிசைகளைப் பாறை முழுக்க வெட்டி வைத்திருக்கிறார்கள். பாடமாகப் பயிலத் தக்க இசைக் குறிப்பைக் கல்லிலேயே பதித்த ஊர்கள் உலகத்தில் மிகக் குறைவு. ராகத்துக்குக் கல்வெட்டு, தாளத்துக்குக் கஞ்சிரா என இரண்டையும் தந்த சீமை இது.

கஞ்சிராவின் மீதான முதல் விமர்சனம் தஞ்சாவூரில் எழுந்தது. மராட்டிய அரசவை வளர்த்த சங்கீதத்துக்கு அதுதான் தலைமை ஊர். மிருதங்கத்தில் தஞ்சாவூர் நாராயணசாமி அப்பா முதல் மரியாதைக்குரியவர். பஜனையில் தட்டுகிற கருவிக்குச் சபையில் என்ன வேலை என்பது அங்கிருந்தவர்களின் கேள்வி. மான்பூண்டியா பிள்ளை நாராயணசாமி அப்பாவின் முன் வாசித்துக் காட்டினார் என்றும், கேட்ட பெரியவர் மனம் நிறைந்து அந்த வாத்தியத்தை ஏற்றுக்கொண்டார் என்றும் இன்றுவரை வித்வான்கள் சொல்லிக்கொண்டு வருகிறார்கள். செவிவழிச் செய்தியில் அலங்காரம் இருக்கலாம். ஆனால் அதற்குப் பிறகு கஞ்சிரா கச்சேரிப் பக்கவாத்தியமாக நிலைத்தது என்பதில் ஐயமில்லை. விமர்சனத்தை வென்ற முறை இங்கே முக்கியம். மான்பூண்டியா பிள்ளை யாரையும் சண்டைக்கு இழுக்கவில்லை. கேட்கத் தெரிந்தவரைத் தேடிப் போய் வாசித்தார்.

அவருடைய சீடர்களில் இரண்டு பேர் அடுத்த பாதையைப் போட்டார்கள். ஒருவர் புதுக்கோட்டை தட்சிணாமூர்த்தி பிள்ளை. 1875இல் பிறந்து 1936இல் மறைந்தவர். கஞ்சிரா, மிருதங்கம் இரண்டிலும் அவருடைய காலத்தில் அவருக்கு நிகரில்லை என்று பெயர் எடுத்தவர். பாடகர் காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளையின் 'ஃபுல் பெஞ்ச்' கச்சேரிகள் புகழ்பெற்றவை. மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங், டோலக், கொன்னக்கோல் என்று தாளக்காரர்கள் வரிசையாக உட்காருவார்கள். பாடகருக்கும் தாளக்காரர்களுக்கும் இடையே நடக்கும் கணக்குப் போட்டியைக் காணவே கூட்டம் சேரும். அந்த மேடையில் தட்சிணாமூர்த்தி பிள்ளையின் கஞ்சிராவுக்குத் தனி மரியாதை.

இரண்டாவது விமர்சனம் இந்தக் காலத்தில் வந்தது. இத்தனை தாள வாத்தியங்கள் சேர்ந்தால் ராகமும் சாகித்தியமும் மூழ்கிப் போகாதா, சங்கீதம் கணக்குப் பாடமாகிவிடாதா என்று ரசிகர்களில் ஒரு சாரார் கேட்டார்கள். இந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. கீர்த்தனையின் உருக்கமான இடத்தில் ஆறு வாத்தியமும் ஒரே நேரத்தில் பேசினால் பாட்டு காணாமல்தான் போகும். தட்சிணாமூர்த்தி பிள்ளை போன்ற பெரியவர்கள் எங்கே வாசிக்கக் கூடாது என்பதையும் கற்றவர்கள். பாலக்காடு மணி ஐயர் இளைஞராக மேடையேறிய காலத்தில், வயதிலும் புகழிலும் மூத்த தட்சிணாமூர்த்தி பிள்ளை அவருடைய மிருதங்கத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சிரா வாசித்திருக்கிறார். தாள உலகின் தலைமகன் ஒரு பையனுக்கு உபபக்கவாத்தியம் வாசிக்கச் சம்மதித்தார். கஞ்சிரா கற்றுத் தரும் முதல் பாடம் இந்த அடக்கம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்னொரு சீடர் பழனி முத்தையா பிள்ளை. அவருடைய மகன் பழனி சுப்பிரமணிய பிள்ளை (1908-1962) புதுக்கோட்டை வழியை உச்சிக்குக் கொண்டுபோனவர். மிருதங்கம், கஞ்சிரா இரண்டையும் வாசித்தார். இடது கைப் பழக்கம் உள்ளவர். அந்தக் காலத்தில் அது சின்னக் குறையாகக் கருதப்படவில்லை. இடது கைக்காரர் மிருதங்கம் வாசித்தால் மேடையில் உட்காரும் பக்கம் மாறும். வயலின்காரரும் இடம் மாறி உட்கார வேண்டும். அதற்குச் சம்மதிக்காதவர்கள் இருந்தார்கள். இதனால் அவருக்கு வர வேண்டிய வாய்ப்புகள் பல வராமல் போயின. பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதர் அவரைத் தாங்கிப் பிடித்தார். பழனியின் அரைச்சாப்பும் கும்கியும் இன்றும் மிருதங்க மாணவர்கள் பதிவுகளைக் கேட்டு ஏங்கும் நாதங்கள். லலிதாராம் எழுதிய 'துருவ நட்சத்திரம்' நூல் அவருடைய வாழ்க்கையையும் புதுக்கோட்டை மரபையும் தமிழில் விரிவாகப் பதிவு செய்திருக்கிறது. இசை வரலாற்றில் ஆர்வம் உள்ளவர்கள் தேடிப் படிக்க வேண்டிய நூல்.

கடல் கடக்கும் கட்டம் இனிமேல்தான். பழனி சுப்பிரமணிய பிள்ளையின் சீடர் டி. ரங்கநாதன். நாட்டிய மேதை பாலசரஸ்வதியின் தம்பி, புல்லாங்குழல் விஸ்வநாதனின் அண்ணன். 1963இல் அவர் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் மிருதங்கம் கற்பிக்கப் போனார். புதுக்கோட்டையின் சொற்கட்டுகளை அமெரிக்க மாணவர்கள் வாயால் சொல்லிப் பழகத் தொடங்கினார்கள். கர்நாடக சங்கீதத்துக்கு அந்தப் பல்கலைக்கழகம் ஒரு வெளிநாட்டுக் குருகுலமாகவே ஆனது.

ஜாஸ் ராக் இசையில் 'மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா' என்ற குழுவை நடத்தி, மின் கிதாரின் வேகத்தால் உலகத்தை மிரள வைத்திருந்த ஆங்கிலேயரான ஜான் மெக்லாஃப்லினும் அங்கே வந்து சேர்ந்தார். டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றார். அங்கே ஆய்வு செய்துகொண்டிருந்த வயலின் கலைஞர் எல். சங்கரின் நட்பும் கிடைத்தது. ஜாகிர் உசேன், கடம் விக்கு விநாயக்ராம், மிருதங்கம் ராம்நாட் ராகவன் ஆகியோரும் சேர 'சக்தி' பிறந்தது. 1975 ஜூலை 5ஆம் தேதி நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில் ஒரு கல்லூரியில் நடந்த கச்சேரியைப் பதிவு செய்து, 1976இல் முதல் இசைத்தட்டாகக் கொலம்பியா நிறுவனம் வெளியிட்டது. அதில் கஞ்சிரா இல்லை. ஆனால் கஞ்சிரா வந்து உட்காரப்போகும் மேடை அன்றே போடப்பட்டுவிட்டது.

அந்த முதல் இசைத்தட்டுகளுக்குக் கிடைத்த வரவேற்பு இரண்டு விதமாக இருந்தது. மெக்லாஃப்லினிடமிருந்து பழைய பேரொலியை எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். மின்சாரத்தை விட்டுவிட்டு, தனக்காகவே செய்வித்த மரக் கிதாரோடு அவர் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தது அவர்களுக்குப் புரியவில்லை. விற்பனை முன்பு போல் இல்லை. 'எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி', 'நேச்சுரல் எலிமென்ட்ஸ்' என்று இன்னும் இரண்டு இசைத்தட்டுகள் வந்தபின் குழு கலைந்தது. காலம் போகப்போகத்தான் விமர்சகர்களின் கணிப்பு மாறியது. கீழை இசையை அலங்காரமாகத் தொட்டுவிட்டுப் போன பல முயற்சிகளுக்கு நடுவே, இரு தரப்பும் ஒருவருடைய இலக்கணத்தை மற்றவர் கற்றுக்கொண்டு வாசித்த அரிய முயற்சி இது என்று பிற்காலத்தார் ஏற்றுக்கொண்டார்கள்.

இதற்கிடையே சென்னையில் கஞ்சிராவின் எல்லையை ஒருவர் விரித்துக்கொண்டிருந்தார். அவர் ஜி. ஹரிசங்கர் (1958-2002). புதுக்கோட்டை வழியில் வாசித்த ராமநாதபுரம் சி.எஸ். முருகபூபதியிடமும், பாலக்காடு மணி ஐயரிடமும் கற்றவர். இரண்டு பெரிய மரபுகளும் அவர் ஒரு கையில் வந்து சேர்ந்தன. அவருக்கு முன்பு கஞ்சிராவில் சில சொற்கள் வரும், சில சொற்கள் வராது என்று ஒரு சமாதானம் இருந்தது. ஹரிசங்கர் அந்தச் சமாதானத்தை ஏற்கவில்லை. மிருதங்கத்தில் எது வருமோ அது கஞ்சிராவிலும் வரும் என்று வாசித்தார். மிருதங்க வித்வான் காரைக்குடி மணியோடு அவர் வாசித்த தனியாவர்த்தனங்களை இன்றும் கேட்கலாம். குறைப்பு என்ற பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் மிருதங்கம் ஒரு முழு ஆவர்த்தனம் வாசிக்கும். கஞ்சிரா ஒரு முழு ஆவர்த்தனம் பதில் சொல்லும். அடுத்து ஆளுக்குப் பாதி, பிறகு கால், பிறகு ஓர் அட்சரம் என்று இடம் சுருங்கிக்கொண்டே வரும். கடைசியில் இருவரும் சேர்ந்து மோரா என்ற முடிப்பை வைத்துக் கோர்வைக்குப் போவார்கள். ஹரிசங்கர் வாசிக்கும்போது இடம் சுருங்கச் சுருங்கச் சொற்களின் தெளிவு கூடும். ஒரு கை வாசிக்கிறது என்பது மறந்தே போகும். 43 வயதில் அவர் மறைந்தது தாள உலகுக்கு ஈடு செய்ய முடியாத இழப்பு.

விக்கு விநாயக்ராமின் மகன் செல்வகணேஷ் தாத்தா ஹரிஹர சர்மாவிடமும் தந்தையிடமும் லயம் கற்று, ஹரிசங்கரிடம் கஞ்சிராவின் நுட்பங்களைப் பெற்றவர். தந்தை ஏற்கெனவே உலக மேடையில் தடம் பதித்தவர். 'கிரேட்ஃபுல் டெட்' என்ற அமெரிக்க ராக் குழுவின் டிரம்மர் மிக்கி ஹார்ட் உருவாக்கிய 'பிளானட் டிரம்' ஆல்பத்தில் கடம் வாசித்தவர் விக்கு. உலக இசைக்கென்று கிராமியில் தனிப் பிரிவு தொடங்கிய 1992இல் முதல் விருது அந்த ஆல்பத்துக்குத்தான் போனது. 1997இல் மெக்லாஃப்லினும் ஜாகிரும் 'ரிமெம்பர் சக்தி' என்ற பெயரில் மறுபடி கூடினார்கள். சிறிது காலத்தில் விக்குவின் இடத்துக்கு மகன் வந்தார். வயலினின் இடத்துக்கு மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் வந்தார். 2000இல் வெளியான 'தி பிலீவர்', 2001இல் வெளியான 'சாட்டர்டே நைட் இன் பாம்பே' ஆல்பங்களில் கஞ்சிரா உலக ரசிகர்களின் காதுக்குள் நுழைந்தது.

அங்கே அதற்கு ஒரு புதிய வேலை காத்திருந்தது. கச்சேரியில் கஞ்சிரா மிருதங்கத்தின் துணை. 'சக்தி'யில் அது ஜாகிர் உசேனின் தபலாவோடு நேருக்கு நேர் பேச வேண்டும். மெக்லாஃப்லினின் கிதார் எந்த நடையில் போகிறதோ அந்த நடைக்கு அடித்தளமும் போட வேண்டும். மேலை இசையில் டிரம்ஸ் செட் செய்யும் வேலைகளைக்கூட அந்தச் சிறு வளையத்தில் செல்வகணேஷ் வாசித்துக் காட்டினார். விரல்களைப் பிரித்துப் பயன்படுத்தினார். தாழ்ந்த நாதத்தை இழுத்து வளைத்தார். வில்லையின் ஒலியைத் தேவைப்பட்ட இடத்தில் மட்டும் கேட்க வைத்தார். இதே கலைஞர்தான் 2009இல் 'வெண்ணிலா கபடிக்குழு' திரைப்படத்துக்கு இசையமைத்தவர் என்பதைத் தமிழ் ரசிகர்கள் நினைவில் வைத்திருப்பார்கள்.

2014 செப்டம்பரில் ஸ்ரீநிவாஸ் மறைந்தார். குழு மறுபடியும் மௌனமானது. பின்னர் வயலினோடு கணேஷ் ராஜகோபாலன் சேர, பெருந்தொற்றுக் காலத்தில் புது ஆல்பத்தின் வேலை தொடங்கியது. மொனாக்கோவில் மெக்லாஃப்லின், அமெரிக்காவில் ஜாகிர், மும்பையில் சங்கர் மகாதேவன், சென்னையில் செல்வகணேஷ் என ஆளுக்கோர் இடத்தில் இருந்துகொண்டு, பதிவுகளை ஒருவருக்கொருவர் அனுப்பி இசையை வளர்த்தார்கள். 2023 ஜூன் 30ஆம் தேதி 'திஸ் மொமன்ட்' வெளியானது. 'நேச்சுரல் எலிமென்ட்ஸ்' வந்த 1977க்குப் பின் 'சக்தி' என்ற பெயரில் வந்த முதல் ஸ்டூடியோ ஆல்பம் அது. மெக்லாஃப்லினுக்கு அப்போது 81 வயது.

எட்டு உருப்படிகள் கொண்ட ஆல்பம். தொடக்கமாக வரும் 'ஸ்ரீனிஸ் ட்ரீம்' மறைந்த ஸ்ரீநிவாஸுக்கு அஞ்சலி. 'மோகனம்' என்று ராகத்தின் பெயரையே தாங்கிய ஒன்று உண்டு. பங்காள ராகத்தில் அமைந்த தியாகராஜர் கீர்த்தனையிலிருந்து எழுந்த 'கிரிராஜ் சுதா'வும் உண்டு. ஜாஸ் வட்டாரத்து விமர்சனங்கள் பெரும்பாலும் இந்த ஆல்பத்தை மகிழ்ச்சியோடு வரவேற்றன. ஐந்து பேரும் ஒரே அறையில் உட்காராமல் இவ்வளவு ஒட்டுறவோடு வாசித்ததைப் பலரும் வியந்தார்கள்.

என் கணிப்பையும் சொல்லிவிடுகிறேன். ஆல்பத்தின் ஒலி மிகத் தூய்மையாக இருக்கிறது. சில இடங்களில் தேவைக்கு மேல் தூய்மையாக இருக்கிறது. மேடையில் ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்து வாசிக்கும்போது எழும் உரசல் இதில் குறைவு. 'தி பிலீவர்' ஆல்பத்தில் பொறி பறக்கிறது. இதில் கனிவு தெரிகிறது. ஆனால் தாள வாத்தியங்களைப் பொறுத்தவரை குழுவின் ஆல்பங்களில் இதுவே சிறந்த உரையாடல் என்பேன். தபலாவும் கஞ்சிராவும் ஒன்றை ஒன்று முந்தப் பார்ப்பதில்லை. ஜாகிர் ஒரு சொல்லைத் தொடங்கினால் செல்வகணேஷ் அதை முடிக்கிறார். பாட்டு வரும் இடத்தில் இருவரும் ஒதுங்கி வழி விடுகிறார்கள். ஃபுல் பெஞ்ச் கச்சேரிகளைப் பற்றிக் கேட்ட அந்தப் பழைய கேள்விக்கு, தாளம் சேர்ந்தால் பாட்டு மூழ்குமா என்ற கேள்விக்கு, இதைவிட நல்ல பதிலை நான் கேட்டதில்லை. 2024 டிசம்பர் 15ஆம் தேதி ஜாகிர் உசேன் மறைந்தார். அவர் வாழ்நாளில் 'சக்தி' தந்த கடைசி ஸ்டூடியோ ஆல்பமாக இது நின்றுவிட்டதால் அந்த உரையாடலின் மதிப்பு இன்னும் கூடிவிட்டது.

கஞ்சிராவின் பயணத்தில் ஒரு கடினமான பகுதியையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மரபாக அதற்குப் போர்த்தியது உடும்புத் தோல். மெல்லியது, உறுதியானது, நாதத்தை வளைக்க இசைந்து கொடுப்பது. அதற்காக உடும்புகள் கொல்லப்பட்டன. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் உடும்பை மிக உயர்ந்த பாதுகாப்புக்குரிய முதல் அட்டவணையில் வைத்திருக்கிறது. வேட்டையாடுவதும், தோலை வாங்கி விற்பதும் சிறைத் தண்டனைக்குரிய குற்றம். இன்று ஆட்டுத் தோலும் செயற்கைத் தோலும் அந்த இடத்துக்கு வந்துவிட்டன. பழைய நாதம் அப்படியே வரவில்லை என்று கலைஞர்கள் சிலர் வருந்துவதுண்டு. அந்த வருத்தம் புரிகிறது. ஆனால் ஒரு கலை வாழ்வதற்கு ஓர் உயிரினம் அழிய வேண்டியதில்லை. எந்தக் குறையையும் பயிற்சியால் நிறைவாக்கிய வாத்தியம் இது. தோல் மாறினாலும் தாங்கும். செயற்கைத் தோலில் அடிக்கடி தண்ணீர் தொட வேண்டிய அவசியம் இல்லாததால் புதிதாகக் கற்பவர்களுக்கு அது சுலபமும்கூட.

கட்டைக்குப் பஞ்சமில்லை. புதுக்கோட்டை மாவட்டத்தின் வடகாடு, மாங்காடு, கீரமங்கலம் பகுதிகள் பலாவுக்குப் பேர் போனவை. 2018 நவம்பரில் அடித்த கஜா புயல் அங்கே தென்னையையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. விவசாயிகள் மனம் தளராமல் மறுபடி கன்று வைத்தார்கள். பலாக்கட்டை விளையும் மண்ணும், கஞ்சிராவின் மூல குருவைத் தந்த ஊரும் ஒரே மாவட்டத்தில் இருக்கின்றன. இப்படி அமைவது அரிது.

இன்று கஞ்சிரா எங்கெல்லாமோ இருக்கிறது. சென்னையிலும் பெங்களூரிலும் இளைஞர்கள் கற்கிறார்கள். பெங்களூரின் லதா ராமாச்சார் போன்ற பெண் கலைஞர்கள் இந்த வாத்தியத்தில் பெயர் எடுத்திருக்கிறார்கள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வளையத் தோல் வாத்தியங்களை வாசிப்பவர்கள் கஞ்சிராவைத் தேடிக் கற்கிறார்கள். உபபக்கவாத்தியம் என்று ஓரமாக உட்கார வைக்கப்பட்டது, தனி வாத்தியமாகவே மதிக்கப்படும் நிலைக்கு வந்துவிட்டது. பிறந்த ஊரில் அதன் நிலை என்ன என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

தமிழக அரசின் மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், வயலின், மிருதங்கம், பரதநாட்டியம் ஆகியவை மூன்றாண்டுப் படிப்பாகக் கற்பிக்கப்படுகின்றன. புதுக்கோட்டையிலும் அப்படி ஒரு பள்ளி இருக்கிறது. அந்தப் பட்டியலில் கஞ்சிரா இல்லை. தவில் ஆசிரியரும் மிருதங்க ஆசிரியரும் இருக்கும் இடத்தில் கஞ்சிராவுக்கு ஓர் ஆசிரியரைச் சேர்ப்பது பெரிய செலவு ஆகாது. இடம் இருக்கிறது, மரபு இருக்கிறது, கற்க வரும் பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு கிராமி ஆல்பமும் இப்போது இருக்கிறது. கலை பண்பாட்டுத் துறை புதுக்கோட்டை இசைப்பள்ளியில் கஞ்சிராப் பிரிவைத் தொடங்கி, அதற்கு மான்பூண்டியா பிள்ளையின் பெயரை வைக்க வேண்டும். புதுக்கோட்டைக்காரர்கள் இதைக் கேட்டு வாங்க வேண்டும்.